துப்பாக்கி உரிமம் யாருடைய அச்சத்தைக் காண்கிறது?

2008ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஆண்களின் துப்பாக்கி உரிம விண்ணப்பங்கள் முன்னுரிமை பெறும் என்பதே அத்திட்டம். அறுவை சிகிச்சை ஆண்மையைக் குறைத்துவிடும் என்று சம்பல் பகுதி ஆண்கள் அஞ்சினர். அந்தக் குறையைத் துப்பாக்கி ஈடுசெய்யும் என்று நிர்வாகம் கணக்கிட்டது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 2019இல், அருகிலுள்ள குவாலியர் மாவட்டத்தில் மற்றோர் ஆணை வந்தது. உரிமம் கோருவோர் பத்து மரக்கன்றுகளை நட்டு, அவற்றுடன் எடுத்த செல்ஃபியை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்றது அது.

இவை நாளேடுகளின் வேடிக்கைச் செய்திப் பகுதியில் இடம்பெற்று மறைந்தன. இந்தியாவில் துப்பாக்கி வன்முறையை ஆராய முற்படும் ஒருவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்று கருத இடமுண்டு. உயிருக்கு ஆபத்து இருப்பதாக அரசு நம்பினால் மட்டுமே கிடைக்க வேண்டிய ஓர் ஆவணம், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கும் மரம் வளர்ப்புக்கும் ஊக்கப்பரிசாகப் பயன்பட முடிகிறது. அதை வழங்கும் அதிகாரிக்கும் பெறும் குடிமகனுக்கும் துப்பாக்கி என்பது கொல்லும் கருவி என்ற நினைவே அவ்வேளையில் இல்லை. இருவரும் பரிமாறிக்கொள்வது மதிப்பை.

அமெரிக்கப் பள்ளியொன்றில் துப்பாக்கிச் சூடு நிகழும்போதெல்லாம் இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களிலும் விவாதம் எழுகிறது. துப்பாக்கி மிகுந்தால் கொலை மிகும் என்பது ஒரு தரப்பு. கொல்வது மனிதனே, கருவியன்று என்பது மறு தரப்பு. இரு தரப்பும் அமெரிக்கச் சூழலில் உருவானவை. 2017ஆம் ஆண்டுக்கான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பீட்டின்படி அங்கே குடிமக்கள் கையில் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன. அதாவது நூறு பேருக்கு 120. இந்தியாவுக்கு அதே அமைப்பு தந்த மதிப்பீடு 7 கோடியே 11 லட்சம். நூறு பேருக்கு ஐந்துக்குச் சற்று மேல். அந்த ஏழு கோடியில் பதிவு பெற்றவை ஏறத்தாழ 97 லட்சம் மட்டுமே. எஞ்சியவை அனைத்தும் அரசின் ஏட்டில் ஏறாதவை. ஏட்டுக்கு வெளியே இவ்வளவு துப்பாக்கிகள் உள்ள நாட்டில், உரிம எண்ணிக்கையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று வாதிடுவது நோயின் ஒரு சிறு பகுதியை மட்டும் தொடுகிறது.

உள்துறை அமைச்சகம் வெளியிட்ட எண்களும் இதையே காட்டுகின்றன. 2016 இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் உரிமங்கள் நடப்பில் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். ஆனால் கவனிக்க வேண்டிய இணை வேறு. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பீகாரில் சுமார் 82,500. மக்கள்தொகையில் பீகாருக்கு அருகில்கூட வராத ஒரு மலைமாநிலத்தில் உரிமங்கள் அதிகம். துப்பாக்கியால் நிகழும் சாவுகளுக்குப் பெயர்பெற்றது எது என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. (ஜம்மு காஷ்மீரின் 3.69 லட்சத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவது நல்லது. 2012 முதல் 2016 வரை அங்கே 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் தகுதியற்றோருக்கு முறைகேடாக வழங்கப்பட்டன என்பது மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு. அந்த எண் சொல்லும் கதை வேறு.)

உரிமத்தின் எண்ணிக்கை வன்முறையை விளக்கவில்லை என்றால், உரிமத்தின் வரலாறு ஓரளவு விளக்கக்கூடும்.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் தாய்மொழி இதழ்களின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. 1857ஐ மறக்காத ஓர் ஆட்சி, தன் குடிகளின் கையில் எது இருக்கலாம் என்று தீர்மானித்த ஆண்டு அது. ஐரோப்பியருக்கு உரிமம் தேவையில்லை, இந்தியருக்குத் தேவை. அந்த இந்தியருக்குள்ளும் பட்டம் பெற்றோர், பெருநிலக்கிழார் எனச் சிலருக்கு விலக்கு உண்டு. குடகில் கொடவர்களுக்கு 1861 முதல் தனி விலக்கு இருந்தது. சுதந்திர இந்தியாவிலும் அது தொடர்கிறது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆகவே இச்சட்டத்தை ஆயுதத்தைப் பற்றியதாக மட்டும் வாசிப்பது போதாது. ஆள்வோரின் நம்பிக்கைக்கு உரியவர் யார் என்று வகுத்துச் சொன்ன படிநிலை அது. துப்பாக்கி வைத்திருப்பவன் அரசின் நம்பிக்கையைப் பெற்றவன் என்ற பொருள் அன்றே அதன்மேல் ஏறிவிட்டது. சிவபுரியின் பரிசுத் திட்டம் அந்தப் பொருளின் தொலைதூரப் பேரப்பிள்ளை.

தேசிய இயக்கம் இச்சட்டத்தை அவமானமாகவே உணர்ந்தது. 1918இல் கேடா மாவட்டத்தில் முதல் உலகப் போருக்கு ஆள்சேர்த்தபோது காந்தி வெளியிட்ட துண்டறிக்கையில் ஆயுதச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். இன்று துப்பாக்கி உரிமை ஆர்வலர்கள் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புகிறார்கள். அது படையில் சேர அழைத்த அறிக்கை என்பதும், வீட்டுக்கு வீடு துப்பாக்கி கேட்ட அறிக்கை அன்று என்பதும் அப்போது விட்டுப்போகின்றன. 1931இன் கராச்சித் தீர்மானம் இன்னும் தெளிவானது. அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் காங்கிரஸ் அங்கே சேர்த்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1948 டிசம்பரில், எச். வி. காமத் அதே உரிமையை அரசியல் நிர்ணய சபையில் திருத்தமாகக் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நியர் ஆட்சியில் அக்கோரிக்கைக்கு இருந்த நியாயம் மாறிய சூழலில் இல்லை என்றும், தனியாள் ஆயுதம் தாங்கும் உரிமையைவிட நாடு அழைக்கும்போது தாங்க வேண்டிய கடமையே முக்கியம் என்றும் அவரது வாதம் சென்றது. திருத்தம் தோற்றது. இறுதியில் அரசமைப்பின் பிரிவு 19, கூடும் உரிமையையே ஆயுதமின்றிக் கூடும் உரிமையாக வரையறுத்தது. பிரிவு 25இன் விளக்கம் சீக்கியர் கிர்பான் அணிவதை மட்டும் சமய வழக்கமாக ஏற்றது.

ஊர்ச்சாதிகளின் வன்முறையை உடலால் அறிந்த ஒருவர், ஆயுத உரிமையை அடிப்படை உரிமையாக்க மறுத்தார் என்பதை விரைந்து கடந்துவிடக் கூடாது. எல்லோருக்கும் சம உரிமை என்று ஏட்டில் எழுதிவிட்டால், நிலமும் பணமும் காவல் நிலையத்தில் செல்வாக்கும் உள்ளவரே முதலில் துப்பாக்கியை வாங்குவார் என்பதை அவரைவிட நன்கு அறிந்தோர் அந்த அவையில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

உரிமையாக்க மறுத்தாயிற்று. ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழைய கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டது. இனப் பாகுபாடு போயிற்று. அதிகாரியின் விருப்புரிமை எஞ்சியது. விண்ணப்பதாரருக்கு உண்மையில் ஆபத்து உண்டா என்பதைக் காவல்துறை அறிக்கையை வைத்து மாவட்ட நிர்வாகம் தீர்மானிக்கிறது. 2016ஆம் ஆண்டின் விதிகள் பயிற்சி, மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைக்கும் இடம் எனப் பல நல்ல நிபந்தனைகளைச் சேர்த்தன. எனினும் தொழிலின், வணிகத்தின், பணியின் தன்மையால் உயிரையும் உடைமையையும் காக்க வேண்டிய தேவை உடையோரையே அவை முதன்மையாகக் கருதுகின்றன. நகைக்கடை உரிமையாளரின் அச்சம் இப்படிவத்தில் எளிதாகப் பொருந்துகிறது. கூலி உயர்வு கேட்டதற்காக ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஆளான விவசாயத் தொழிலாளியின் அச்சத்துக்கு அதில் கட்டம் இல்லை. அவரைப் பற்றி அறிக்கை எழுத வேண்டிய காவலர், பெரும்பாலும் அவரை மிரட்டுபவரின் திண்ணையில் தேநீர் குடித்தவர்.

அமெரிக்க வரலாறு இந்த ஓரிடத்தில் மட்டும் உண்மையாகவே உதவுகிறது. வழக்கமான ஒப்பீடுகள் தொடாத இடம் அது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தாரைக் குடிமக்களாக ஏற்றால் அவர்கள் ஆயுதம் தாங்கித் திரியும் உரிமையும் பெறுவரே என்பதைத் தலைமை நீதிபதி டேனி ஒரு தடையாகவே கூறினார். 1967இல் கறுப்புச் சிறுத்தைகள் துப்பாக்கியுடன் தெருவில் இறங்கிய பிறகே கலிபோர்னியா, ஆளுநர் ரீகன் கையெழுத்துடன், பொது இடத்தில் நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடைசெய்தது. 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் விருப்புரிமை உரிம முறையை நீக்கியபோது, அத்தீர்ப்பை வேண்டியோரில் கறுப்பின ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும் இருந்தனர். இடதுசாரி வாசகர் பலருக்கு இது சங்கடமான செய்தி. அவர்கள் கண்டறிந்த நோய் உண்மையானது: விருப்புரிமை உள்ள இடத்தில் அதிகாரி யாரை நம்புகிறாரோ அவருக்கே ஆயுதம். அவர்கள் கேட்ட மருந்து அந்த நாட்டின் பிணக்கணக்கைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி. 2021இல் மட்டும் அங்கே துப்பாக்கியால் மாண்டோர் 48,000க்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் கையாலேயே மாண்டவர்கள்.

இந்தியாவுக்குத் திரும்பினால், உரிமம் மதிப்பின் சின்னமானதன் நேரடி விளைவைத் திருமணப் பந்தல்களில் காணலாம். வட மாநிலங்களில் மகிழ்ச்சிக்காக வானை நோக்கிச் சுடும் வழக்கத்துக்கு ஹர்ஷ் ஃபைரிங் என்று பெயர். 2016 டிசம்பரில் பஞ்சாபின் பதிண்டா மாவட்டத்தில், திருமண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் இப்படிச் சுடப்பட்டு மேடையிலேயே விழுந்து இறந்தார். காணொளியாகப் பரவியதால் அது நாடறிந்தது. காணொளி இல்லாதவை மாவட்டப் பக்கச் செய்தியோடு முடிகின்றன. 2019ஆம் ஆண்டின் திருத்தம் இதைத் தனிக் குற்றமாக்கியது: ஈராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் வரம்பையும் மூன்றிலிருந்து இரண்டாக்கியது. மசோதா முதலில் முன்வைத்தது ஒன்றே ஒன்று. எதிர்ப்பு எழுந்ததால் இரண்டாயிற்று. ஒரு துப்பாக்கியால் காக்க முடியாத உயிரை இரண்டாவது துப்பாக்கி எப்படிக் காக்கும் என்பதற்கு விளக்கம் தேட வேண்டுமாயின், பாதுகாப்பு இயலைவிடப் பரம்பரைச் சொத்தின் சமூகவியலில் தேடுவதே பயன் தரும். 2022 மே மாதம் பாடகர் சித்து மூஸேவாலா சுட்டுக்கொல்லப்பட்ட பின், அவ்வாண்டு நவம்பரில் பஞ்சாப் அரசு துப்பாக்கியைப் பொதுவெளியில் காட்டுவதையும் அதைப் போற்றும் பாடல்களையும் தடைசெய்தது. பாடல் காரணமா, பாடலை வேண்டும் சமூகம் காரணமா என்ற விவாதம் அப்போது சில வாரம் நடந்தது. உரிமம் வழங்கிய அலுவலகங்களைப் பற்றிய விவாதம் அவ்வளவு நாள்கூட நடக்கவில்லை.

கொலைகளைச் செய்வது பெரும்பாலும் இந்த உரிமத் துப்பாக்கிகள் அல்ல. கட்டா எனப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கிகளே. ஒரு முறைக்கு ஒரு தோட்டா. இரும்புக் குழாயைக் கடைந்து செய்தது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது. சமயத்தில் சுடுபவரின் கையிலேயே வெடிப்பது. இதன் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் ஊர் பீகாரின் முங்கேர். 1760களில் வங்க நவாப் மீர் காசிம் தன் தலைநகரை முர்ஷிதாபாதிலிருந்து அங்கே மாற்றி, ஆர்மீனியரான குர்கின் கான் மேற்பார்வையில் படைக்கலச் சாலை அமைத்தார். கம்பெனியோடு போரிட வந்த கைத்திறன் போருக்குப் பின்னும் ஊரில் தங்கியது. சுதந்திரத்துக்குப் பின் உரிமம் பெற்ற சிறு ஆலைகள் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் செய்துவந்தன. அவற்றுக்கான தேவை சுருங்கியபோது கம்மியர் வேலையிழந்தனர். இழந்த வேலைக்கு மாற்று இருட்டில் கிடைத்தது. முங்கேரைக் குற்றத்தின் ஊராக மட்டும் எழுதும் செய்திகள், அது நலிந்த ஒரு கைத்தொழில் மையம் என்பதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கியைக் கொல்லன் உலையில் செய்துவிடலாம். தோட்டாவைச் செய்வது கடினம். அதற்கு ஆலை வேண்டும். கட்டாவில் இடப்படும் தோட்டாக்கள் உரிமம் பெற்ற கடைகளிலிருந்தும் உரிமதாரர்களின் ஒதுக்கீட்டிலிருந்தும் கசிந்தவை என்பது காவல்துறை விசாரணைகளில் பலமுறை தெரியவந்துள்ளது. சட்டபூர்வத் துப்பாக்கி ஓர் உலகம், கள்ளத் துப்பாக்கி மற்றோர் உலகம் என்று பிரித்துப் பேசும் வழக்கம் இவ்விடத்தில் உடைகிறது.

அரிவாளால் வெட்டிக் கொல்லும் தென்மாவட்டங்களைச் சுட்டி, துப்பாக்கி இல்லாவிடினும் சாதி கொல்லத்தானே செய்யும் என்று தமிழ் ஆய்வாளர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பகையை உண்டாக்குவது கருவி அன்று. ஆனால் எத்தனை பேரை, எவ்வளவு விரைவில், எவ்வளவு தொலைவிலிருந்து என்பதைக் கருவியே முடிவுசெய்கிறது. 1997 டிசம்பர் 1 அன்று இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாத்தே கிராமத்தில், நிலவுடைமைச் சாதியினரின் தனிப்படையான ரண்வீர் சேனா 58 தலித் மக்களைக் கொன்றது. குழந்தைகளும் பெண்களும் அதில் அடக்கம். அந்தச் சேனா தடைசெய்யப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம், விசாரணை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் போதிய சான்றில்லை என்று விடுவித்தது. இத்தகைய படுகொலையைத் துப்பாக்கி வன்முறை என்ற தலைப்பின்கீழ் எவரும் வகைப்படுத்துவதில்லை. சாதி மோதல் என்றோ நிலப் பிணக்கு என்றோ அது வேறு அலமாரிக்குப் போய்விடுகிறது. துப்பாக்கியைப் பற்றி எழுதுவோர் சாதியை வாசிப்பதில்லை. சாதியைப் பற்றி எழுதுவோர் ஆயுதச் சட்டத்தை வாசிப்பதில்லை.

இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் சட்ட வாசகம் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாவது விதி அது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று கண்டறியப்பட்ட இடங்களில் மாநில அரசு செய்ய வேண்டியவற்றை அது அடுக்குகிறது. தேவை எனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி, ஆயுதங்களை அரசின் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். உறவினர், பணியாளர், குடும்ப நண்பர்களின் உரிமங்களும் இதில் அடங்கும். அடுத்து, கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்து அவற்றின் உற்பத்தியைத் தடுக்க வேண்டும். அதன் பிறகு, தேவை எனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அவர்களின் உயிரையும் உடைமையையும் காக்க உரிமம் வழங்கலாம்.

இவ்வரிசை தற்செயலாக அமைந்ததோ, சிந்தித்து அமைத்ததோ, அமெரிக்க விவாதத்தின் இரு தரப்பையும்விட இது தெளிவானது. எல்லோருக்கும் துப்பாக்கி என்று இது சொல்லவில்லை. எவருக்கும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வலியவன் கையிலிருந்து முதலில் எடு என்கிறது. பணியாளரையும் நண்பரையும் சேர்த்ததில், உரிமம் ஒருவர் பெயரிலும் துப்பாக்கி மற்றொருவர் தோளிலும் இருக்கும் ஊர் நடப்பை அறிந்த ஒருவரின் கை தெரிகிறது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை நாடு முழுவதும் இயங்குகிறது. வாக்குப்பெட்டிக்காகச் செய்ய முடிந்ததை, அறுவடைக் கூலிப் பிரச்சினை எழும் ஒரு வட்டத்தில் செய்ய முடியாததற்கு நிர்வாகக் காரணம் ஏதும் இல்லை.

2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசப் பிணை மனு ஒன்றை விசாரித்தபோது, உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தை உச்ச நீதிமன்றம் தாமாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் தாங்குவது அடிப்படை உரிமை அன்று என்பதையும் சுட்டிக்காட்டியது. வழக்கு இப்போது எல்லா மாநிலங்களுக்கும் விரிந்துள்ளது. கள்ளத் துப்பாக்கியின் ஊற்றை அடைக்கும் திட்டங்கள் அதன் வழியாக வரலாம். உரிமம் பெற்ற துப்பாக்கி எந்தச் சாதியின், எவ்வளவு நிலம் உடையவரின் வீட்டில் உள்ளது என்ற கேள்வி அவ்வழக்கின் எல்லைக்குள் இல்லை.

அக்கேள்விக்கு விடை காணும் தரவு முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. ஆயுத உரிமங்கள் அனைத்தும் இப்போது தனி அடையாள எண்ணோடு தேசியத் தரவுத்தளத்தில் ஏறியுள்ளன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 21(4)இன்படி, எடுத்த நடவடிக்கைகளை மத்திய அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் உரிமப் பதிவேட்டையும் வன்கொடுமைப் பகுதிகளின் பட்டியலையும் அருகருகே வைத்து, மூன்றாவது விதியின்படி எத்தனை உரிமங்கள் நீக்கப்பட்டன, எத்தனை புதிதாக வழங்கப்பட்டன என்று எண்ணுவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குள் அடங்கும் வேலை. தகவல் அறியும் உரிமை மனுக்கள் சில திரும்பி வரும். மேல்முறையீட்டில் சில மாதங்கள் கழியும். போஜ்பூர், அர்வல், ஜெகானாபாத் ஆகிய மூன்றில் எதிலிருந்தும் தொடங்கலாம்.